எண்ணாமல் போன ஒரு ரன்

நேயர்களுக்கு வணக்கம்.

பேஸ்பால் என்றதும் நம்மில் பலருக்கு ஆங்கிலப் படங்களில் வரும் தொப்பியும் பெரிய தோல் கையுறையும்தான் ஞாபகம் வரும். ஆட்டத்தின் விதி நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் வந்ததில்லை. ஆனாலும் இன்று ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். 1908-ஆம் ஆண்டு செப்டம்பர் 23, புதன்கிழமை. இடம் நியூயார்க் நகரின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானம். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியும் சிகாகோ கப்ஸ் அணியும் மோதின. கடைசி நிமிடத்தில் ஒருவர் ஓடிவந்து வெற்றி ரன்னை எடுத்தார். இருபதாயிரம் பேர் பார்த்தார்கள். அந்த ரன் கணக்கில் சேரவில்லை. அதற்கான பழி முழுவதும் 19 வயதுப் பையன் ஒருவன் தலையில் விழுந்தது. அந்தப் பையன் பெயர் ஃப்ரெட் மெர்க்கிள்.

அப்போது வானொலி வர்ணனை கிடையாது. பேஸ்பால் ஆட்டத்தை முதன்முதலாக வானொலியில் வர்ணித்ததே 1921-இல், பிட்ஸ்பர்க் நகரத்தில்தான். படச்சுருளும் இல்லை. ஆகவே அன்று நடந்தது என்ன என்பதற்கு நமக்கு இருக்கும் சாட்சி மறுநாள் பத்திரிகைகளும், வீரர்களும் நடுவர்களும் எழுதிக்கொடுத்த வாக்குமூலங்களும்தான். நியூயார்க் பத்திரிகை ஒன்று சொல்லும், சிகாகோ பத்திரிகை வேறொன்று சொல்லும். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் இந்த விவகாரத்தின் ருசியே தெரிகிறது.

முதலில் களத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்வோம். சாய்சதுரமாக நான்கு பேஸ்கள். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு 90 அடி. அடிப்பவர் பந்தை அடித்துவிட்டு முதல் பேஸுக்கு ஓடவேண்டும். அங்கிருந்து இரண்டாவது, மூன்றாவது, கடைசியில் கிளம்பிய இடமான ஹோம் பிளேட். சுற்றி வந்துவிட்டால் ஒரு ரன். மூன்று பேர் அவுட் ஆனால் அந்த அணியின் முறை முடிந்தது. இப்படி ஒன்பது இன்னிங்ஸ். அப்போதும் சமனாக இருந்தால் ஆட்டம் மேலும் நீளும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு பேஸில் ஒரே ஓட்டக்காரர்தான் நிற்கலாம். எனவே அடித்தவர் முதல் பேஸுக்கு வரும்போது, ஏற்கெனவே அங்கே நிற்பவர் அதைக் காலிசெய்துவிட்டு இரண்டாம் பேஸுக்குப் போய்த்தான் ஆகவேண்டும். அவர் போய்ச்சேருவதற்குள் எதிரணிக்காரர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாம் பேஸை மிதித்துவிட்டால் போதும், ஓடுகிறவர் அவுட். அவர்மேல் பந்தைத் தொட வைக்கக்கூட வேண்டாம். அது மூன்றாவது அவுட்டாக அமைந்தால், அதற்கு முன்பே ஒருவர் ஹோம் பிளேட்டை எட்டியிருந்தாலும் அந்த ரன் செல்லாது. நம் கிரிக்கெட்டில் கடைசிப் பந்தில் ஒரு ரன் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடித்தவர் ஓடுகிறார். எதிர்முனையில் இருந்தவர் ஜெயித்தாச்சு என்று பாதி வழியிலேயே பெவிலியன் பக்கம் திரும்பிவிடுகிறார். ஃபீல்டர் பெயிலைத் தட்டிவிட்டால் அந்த ரன் சேருமா? சேராது. அதே கதைதான்.

விதி புத்தகத்தில் இது தெளிவாகவே இருந்தது. ஆனால் நடைமுறை வேறு. போலோ கிரவுண்ட்ஸில் ஆட்டம் முடிந்ததும் ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கி, புல்வெளியைக் கடந்துதான் வெளியே போவார்கள். வீரர்களின் அறை வெளிக்களத்துக்கு அப்பால், கோடியில் இருந்தது. கூட்டம் சூழ்ந்துகொள்வதற்கு முன்பு அங்கே ஓடிச்சேர்ந்துவிட வேண்டும் என்பது எல்லா வீரர்களுக்கும் பழக்கம். சூழ்ந்துகொண்டால் தொப்பி போகும், கையுறை போகும். தோற்ற அணியாக இருந்தால் அடியும் விழும். எனவே வெற்றி ரன் வந்துவிட்டது என்று தெரிந்த கணமே, மற்ற பேஸ்களில் நின்றவர்கள் அடுத்த பேஸைப் பற்றிக் கவலைப்படாமல் நேரே அறையைப் பார்த்து ஓடிவிடுவார்கள். நடுவர்களும் கண்டுகொள்வதில்லை. வருடக்கணக்காக அப்படித்தான் நடந்தது.

இதைக் கண்டுகொண்டவர் ஒருவர் இருந்தார். ஜானி எவர்ஸ், கப்ஸ் அணியின் இரண்டாம் பேஸ்காரர். ஒல்லியான, சிடுசிடுப்பான ஆள். சக வீரர்களே நண்டு என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். ராத்திரி படுக்கைக்குப் போகும்போது விதி புத்தகத்தையும் மிட்டாயையும் எடுத்துக்கொண்டு போவார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். தனக்குப் பக்கத்திலேயே ஆடிய ஜோ டிங்கரோடு சண்டை போட்டுக்கொண்டு வருடக்கணக்கில் பேசாமல் இருந்தவர். பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும், பந்து வந்தால் இருவரும் சேர்ந்து எதிரணியைக் காலிசெய்துவிடுவார்கள். இப்படிப்பட்ட ஆள் ஒருவர் நம் அலுவலகத்தில் இருந்தால் யாருக்கும் பிடிக்காது. எனக்கு என்னவோ அவரைப் பிடித்திருக்கிறது.

செப்டம்பர் 4-ஆம் தேதி, பிட்ஸ்பர்க்கில் கப்ஸ் அணி பைரேட்ஸ் அணியோடு ஆடியது. பத்தாவது இன்னிங்ஸ் வரை ரன்னே இல்லை. பைரேட்ஸ்காரர் ஓவன் வில்சன் பந்தை அடித்தார், மூன்றாம் பேஸிலிருந்தவர் ஹோம் வந்துவிட்டார், ஆட்டம் முடிந்தது. முதல் பேஸில் நின்ற வாரன் கில் என்பவர், வழக்கம்போல இரண்டாம் பேஸைத் தொடாமலேயே திரும்பி அறைக்கு ஓடினார். எவர்ஸ் பந்தை வாங்கி இரண்டாம் பேஸை மிதித்துக்கொண்டு கத்தினார். அன்று களத்தில் ஒரே நடுவர். பெயர் ஹாங்க் ஓடே. நான் அதைப் பார்க்கவில்லை, ரன் ரன்தான் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். இந்த அணிகளெல்லாம் ஆடிய நேஷனல் லீக் என்ற போட்டி அமைப்பின் தலைவர் ஹாரி புல்லியத்திடம் கப்ஸ் அணி புகார் கொடுத்தது. புகார் தள்ளுபடி ஆனது. ஆனால் அதற்குப் பிறகு ஓடே விதியை யோசித்துப் பார்த்து, இன்னொரு முறை இப்படி நடந்தால் கவனிக்கிறேன் என்று ஒப்புக்கொண்டார் என்பது எவர்ஸ் சொல்லும் கதை.

இந்தப் பிட்ஸ்பர்க் சமாச்சாரம் பத்திரிகைகளில் வந்தது. நியூயார்க்கிலும் படித்திருப்பார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் நேஷனல் லீகில் மூன்று அணிகளுக்கு இடையே கடும் போட்டி. ஜயன்ட்ஸ், கப்ஸ், பைரேட்ஸ். செப்டம்பர் கடைசியில் மூன்றுக்கும் நடுவே ஒரு ஆட்டம், அரை ஆட்டம் வித்தியாசம்தான். ஜயன்ட்ஸின் மேலாளர் ஜான் மெக்ரா. குள்ளமான மனிதர், குட்டி நெப்போலியன் என்று பெயர். அவருடைய பந்துவீச்சாளர் கிறிஸ்டி மாத்யூசன் அந்த ஒரே பருவத்தில் 37 ஆட்டங்களை ஜெயித்துக்கொடுத்தார், 390 இன்னிங்ஸ் வீசினார். இன்றைய பந்துவீச்சாளர் யாரும் இதில் பாதிக்குக்கூடப் போவது அபூர்வம்.

23-ஆம் தேதி காலை ஜயன்ட்ஸின் முதல் பேஸ்காரர் ஃப்ரெட் டென்னிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அவர் இடத்தில் ஆட மெக்ரா அழைத்த ஆள்தான் மெர்க்கிள். அணியிலேயே வயது குறைந்தவர். அந்தப் பருவத்தில் ஆட்டத் தொடக்கத்திலிருந்தே முதல் பேஸில் அவர் இறங்கியது அன்றுதான்.

ஆட்டம் இறுக்கமாகப் போயிற்று. ஜயன்ட்ஸுக்கு மாத்யூசன், கப்ஸுக்கு ஜாக் ஃபீஸ்டர். ஐந்தாவது இன்னிங்ஸில் டிங்கர் அடித்த பந்து வெளிக்களத்தில் தப்பி ஓட, அவர் நாலு பேஸையும் சுற்றி வந்துவிட்டார். கப்ஸ் 1. அடுத்த இன்னிங்ஸில் மைக் டான்லின் அடித்து ஹெர்சாகை ஹோமுக்குக் கொண்டுவந்தார். ஜயன்ட்ஸ் 1. அதற்குப் பிறகு ஒன்பதாவது இன்னிங்ஸ் வரை ஒன்றும் நகரவில்லை.

ஒன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதி, ஜயன்ட்ஸின் முறை. ஸீமோர் அவுட். டெவ்லின் அடித்து முதல் பேஸுக்கு வந்தார். அடுத்து மூஸ் மெக்கார்மிக் தரையோடு அடித்தார், பந்து எவர்ஸ் கையில். டெவ்லின் இரண்டாம் பேஸுக்குப் போய்ச்சேருவதற்குள் கப்ஸ் ஆட்கள் அதை மிதித்துவிட்டார்கள், அவர் அவுட். நான் முன்பு சொன்ன அதே விதிதான். சில நிமிடம் கழித்து அதே இரண்டாம் பேஸில், அதே விதி இன்னொரு தரம் வரப்போகிறது என்று யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டு அவுட். மெக்கார்மிக் முதல் பேஸில். மெர்க்கிள் அடிக்க வந்தார். அருமையாக வலதுபக்கம் ஒரு அடி. மெக்கார்மிக் மூன்றாம் பேஸுக்குப் போய்விட்டார், மெர்க்கிள் முதல் பேஸில் நின்றார். இந்த அடியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இது விழாமல் இருந்திருந்தால் அடுத்து நடந்த எதுவும் நடந்திருக்காது, அந்த இன்னிங்ஸும் அங்கேயே முடிந்திருக்கும்.

அடுத்து ஆல் பிரிட்வெல். ஃபீஸ்டர் வீசிய பந்தை அவர் நடுவாக்கில் நறுக்கென்று அடித்தார். அது நேரே பேஸ் நடுவர் பாப் எம்ஸ்லியை நோக்கி வந்தது. எம்ஸ்லி தப்பிப்பதற்காகத் தரையில் விழுந்தார். பந்து அவரைத் தாண்டி மைய வெளிக்களத்துக்குப் போயிற்று. மெக்கார்மிக் நிதானமாக ஓடிவந்து ஹோம் பிளேட்டை மிதித்தார். 2-க்கு 1. ஜயன்ட்ஸ் ஜெயித்தாயிற்று என்று கூட்டம் ஆர்ப்பரித்துக்கொண்டு உள்ளே இறங்கியது.

மெர்க்கிள் இரண்டாம் பேஸை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். பாதி வழியில் மெக்கார்மிக் ஹோம் போனதைப் பார்த்தார், கூட்டம் இறங்குவதைப் பார்த்தார். எல்லாரும் செய்வதையே செய்தார். அறையைப் பார்த்துத் திரும்பிவிட்டார்.

எவர்ஸ் இரண்டாம் பேஸில் நின்று கையை ஆட்டிக்கொண்டு பந்து, பந்து என்று கத்துகிறார். மைய வெளிக்களத்திலிருந்த சாலி ஹோஃப்மன் பந்தை எறிந்தார். அது எவர்ஸின் தலைக்கு மேலே போய்விட்டது. மூன்றாம் பேஸ் பக்கம் பயிற்சியாளராக நின்றிருந்தவர் ஜயன்ட்ஸின் பந்துவீச்சாளர் ஜோ மெக்கின்னிட்டி. எவர்ஸ் எதற்குப் பறக்கிறார் என்று அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. பாய்ந்து பந்தைப் பிடித்தார். கப்ஸ் ஆட்கள் அவர்மேல் விழுந்தார்கள். அவர் பந்தைக் கூட்டத்துக்குள் தூக்கி வீசிவிட்டார்.

இதற்குப் பிறகுதான் கதைகள் கிளை பிரிகின்றன. அன்றைய ஆட்டத்தில் இல்லாத ஃப்ளாய்ட் க்ரோ என்ற கப்ஸ் வீரர், கூட்டத்தில் பந்தைப் பிடித்துவைத்திருந்த ஒரு ரசிகரின் தொப்பியில் ஒரு போடு போட்டுப் பந்தைப் பிடுங்கிக்கொண்டு வந்தார் என்பது ஒன்று. அது ஆட்டப் பந்தே இல்லை, கப்ஸ் இருக்கையிலிருந்து எடுத்த வேறு பந்து என்று ஜயன்ட்ஸ்காரர்கள் சொன்னது இன்னொன்று. மெர்க்கிளைத் திருப்பி இழுத்துக்கொண்டு போய் இரண்டாம் பேஸில் நிறுத்தினார்கள் என்றும் ஒரு கதை. எது எப்படியோ, கடைசியில் ஜானி எவர்ஸ் கையில் ஒரு பந்தோடு இரண்டாம் பேஸ்மேல் நின்றுகொண்டு, எம்ஸ்லியைப் பார்த்து அவுட் கேட்டார்.

எம்ஸ்லி, நான் கீழே விழுந்திருந்தேன், மெர்க்கிள் தொட்டதையோ தொடாததையோ பார்க்கவில்லை என்றார். ஹோம் பிளேட்டில் நின்ற தலைமை நடுவரிடம் கேட்டார்.

அந்தத் தலைமை நடுவர் யார் என்று நினைக்கிறீர்கள்? ஹாங்க் ஓடே. பிட்ஸ்பர்க்கில் பார்க்கவில்லை என்று சொன்ன அதே ஆள். இந்த முறை அவர் பார்த்திருந்தார். மெர்க்கிள் இரண்டாம் பேஸுக்குப் போகவில்லை, அவர் அவுட், ரன் செல்லாது என்றார். ஆட்டம் 1-க்கு 1. கூட்டம் களம் முழுக்க நிரம்பியிருந்தது, இருட்டவும் தொடங்கிவிட்டது. தொடர்ந்து ஆட வழியில்லை, ஆட்டம் சமன்.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டே பாதிப்பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். விஷயம் தெரிந்த மீதிப்பேர் ஓடேயைச் சூழ்ந்துகொள்ள, போலீசார் அவரைக் கூட்டத்திலிருந்து மீட்டுக்கொண்டு போனார்கள்.

மறுநாள் பத்திரிகைகள் மெர்க்கிளைக் கிழித்துத் தொங்கவிட்டன. மூளையில்லாதவன், மண்டைக்குள் எலும்பைத் தவிர ஒன்றுமில்லை என்று எழுதினார்கள். அந்தப் பட்டம் அவர் சாகும்வரை விடவில்லை.

இங்கே நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். ஓடே சொன்னது தப்பா? விதிப்படி தப்பே இல்லை. பத்தொன்பது நாளுக்கு முன்பு செய்யாததை இப்போது செய்தார், அவ்வளவுதான். தன் தவறு தெரிந்ததும் திருத்திக்கொள்கிற நடுவரை நாம் பாராட்டத்தான் வேண்டும். எவர்ஸ் செய்தது தப்பா? அதுவும் இல்லை. ஆனால் இனிமேல் இந்த விதியைக் கண்டிப்பாகப் பார்ப்போம் என்று லீக் எந்த அணிக்கும் ஒரு வரி எழுதி அனுப்பவில்லை. புல்லியம் பிட்ஸ்பர்க் புகாரைத் தள்ளுபடி செய்ததோடு சரி. பழக்கம் ஒரு பக்கம், விதி இன்னொரு பக்கம் என்று இருக்கும்போது, விதியை அமலுக்குக் கொண்டுவருகிறவர்கள் முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்வதுதானே முறை?

மெக்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். பேஸ்பாலின் சூட்சுமம் எல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பவர் என்று பெயர் வாங்கிய மேலாளர். பிட்ஸ்பர்க்கில் எவர்ஸ் என்ன செய்தார் என்பது பத்திரிகையிலேயே வந்தது. அதே எவர்ஸ், அதே ஓடே, எதிரே நிற்கிறார்கள். ஒன்பதாவது இன்னிங்ஸில் முதல் பேஸில் நிற்கும் சின்னப் பையனிடம், எது நடந்தாலும் இரண்டாம் பேஸைத் தொட்டுவிட்டுப் போ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. இருபதாயிரம் பேரில் அது தோன்றிய ஒரே ஆள் எவர்ஸ்தான்.

ஆனால் பழி யாருக்குப் போகும்? ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இதை நியூயார்க் பத்திரிகைகள் அன்று அவ்வளவாகப் போடவில்லை. மெர்க்கிள் சம்பவத்துக்குப் பிறகும் ஜயன்ட்ஸுக்கு இரண்டு வாரம் ஆட்டங்கள் பாக்கி இருந்தன. அதில் ஃபிலடெல்ஃபியா அணியில் ஹாரி கோவெலெஸ்கி என்ற 22 வயது இடக்கைப் பந்துவீச்சாளர், புதுமுகம், ஐந்தே நாளில் ஜயன்ட்ஸை மூன்று முறை தோற்கடித்தார். மூன்று முறை! அதில் ஒன்றை ஜெயித்திருந்தால் ஜயன்ட்ஸுக்குக் கிண்ணம் கிடைத்திருக்கும், மெர்க்கிள் விவகாரம் ஒரு அடிக்குறிப்பாகப் போயிருக்கும். கோவெலெஸ்கியிடம் மூன்று முறை தோற்ற ஜயன்ட்ஸ்காரர்களில் ஒருவரையாவது முட்டாள் என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. தோல்வி எல்லாருக்கும் பங்கு பிரிந்தால் அதில் சுவாரசியம் இல்லையே.

விவகாரம் புல்லியத்திடம் போயிற்று. ஜயன்ட்ஸ் தாங்கள் ஜெயித்ததாக அறிவிக்கக் கேட்டது. கப்ஸ் அதற்கும் மேலே போய், கூட்டத்தைக் கட்டுப்படுத்தத் தவறியதால் ஆட்டத்தையே எங்களுக்குக் கொடு என்றது. புல்லியம் இரண்டையும் ஏற்கவில்லை. நடுவர் சொன்னதே சரி, ஆட்டம் சமன் என்றார். மேல்முறையீட்டில் லீக் இயக்குநர்களும் அதையே உறுதிசெய்தார்கள். பருவம் முடிந்தபோது ஜயன்ட்ஸ் 98 வெற்றி 55 தோல்வி, கப்ஸும் 98 வெற்றி 55 தோல்வி. பைரேட்ஸ் 98-56, அரை ஆட்டம் பின்னால். எழுதிவைத்தாற்போல் சமன். எனவே செல்லாமல் போன அந்த ஆட்டத்தையே அக்டோபர் 8-ஆம் தேதி போலோ கிரவுண்ட்ஸில் மறுபடி ஆடவேண்டும் என்று முடிவாயிற்று.

அன்று நியூயார்க் வேலைக்குப் போகவில்லை என்றே சொல்லலாம். மைதானம் நிரம்பி வாயிலை மூடியபிறகும் ஆயிரக்கணக்கானோர் வெளியே. மேலேயிருந்த கூகன்ஸ் பிளஃப் என்ற குன்றின்மேல் ஒரே மனிதத் தலை. மேம்பால ரயில் தடத்தில், கம்பங்களில், கூரைகளில் ஏறி நின்றார்கள். வேலியை உடைத்து உள்ளே வந்தவர்களைத் தீயணைப்புப் படையினர் தண்ணீர் பீய்ச்சி விரட்டினார்கள். ரயில் தடத்தின் கம்பத்திலிருந்து ஒருவர் விழுந்து இறந்தார். அவர் இருந்த இடத்தை உடனே இன்னொருவர் பிடித்துக்கொண்டாராம். ஆட்டத்துக்கு முன்பு நடுவர்களான பில் க்ளெமுக்கும் ஜிம் ஜான்ஸ்டோனுக்கும் லஞ்சம் கொடுக்க முயற்சி நடந்ததும் பிற்பாடு வெளிவந்தது. அவர்கள் வாங்கவில்லை.

முதல் இன்னிங்ஸிலேயே ஜயன்ட்ஸ் ஃபீஸ்டரைத் திணறடித்து ஒரு ரன் எடுத்தது. கப்ஸின் மேலாளரும் முதல் பேஸ்காரருமான ஃப்ராங்க் சான்ஸ் தாமதிக்கவில்லை. மொர்டிகாய் பிரவுனைக் கூப்பிட்டார். இந்தப் பிரவுனைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். இண்டியானாவில் ஒரு விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. சின்ன வயதில் மாட்டுத்தீவனம் வெட்டும் இயந்திரத்தில் கையை விட்டு வலது ஆள்காட்டி விரலை இழந்தவர். பிறகு கீழே விழுந்ததில் மற்ற விரல்களும் கோணிப்போயின. ஊரே அவரை மூன்று விரல் பிரவுன் என்றது. அந்தக் கோணல் விரல்களிலிருந்து புறப்பட்ட பந்து, அடிப்பவர் பக்கத்தில் வந்ததும் சட்டென்று கீழே இறங்கும். அடிக்க முடியாது. நியூயார்க்கில் ஆடினால் கொன்றுவிடுவோம் என்று தனக்கு மிரட்டல் கடிதங்கள் வந்ததாகப் பிரவுன் பின்னாளில் சொன்னார். வந்த கடிதங்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீசவந்துவிட்டார் போலிருக்கிறது.

மூன்றாவது இன்னிங்ஸில் டிங்கர், மாத்யூசனின் பந்தை மைய வெளிக்களத்துக்காரர் ஸீமோரின் தலைக்கு மேலே தூக்கி அடித்து மூன்றாம் பேஸ் வரை ஓடிவிட்டார். மாத்யூசனுக்கு டிங்கர் என்றாலே ஆகாது, எப்போதும் அடிவாங்குவார். அந்த இன்னிங்ஸில் கப்ஸுக்கு நாலு ரன். ஏழாவது இன்னிங்ஸில் ஜயன்ட்ஸ் மூன்று பேஸையும் நிரப்பியும் ஒரே ரன்தான் எடுக்க முடிந்தது. கடைசியில் 4-க்கு 2, கப்ஸ் வெற்றி. ஆட்டம் முடிந்ததும் கப்ஸ் வீரர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அறைக்கு ஓடினார்கள். சான்ஸுக்குக் கழுத்தில் ஒரு குத்து விழுந்தது. அன்றைய ஆட்டத்தின் கடைசி ஓட்டம் அதுதான், அதிலும் யாரும் பேஸைத் தொட நிற்கவில்லை.

இரண்டு பெரிய லீகுகளில் முதலிடம் பிடித்த அணிகள் மோதும் தொடருக்கு உலகத் தொடர் என்று பெயர். கப்ஸ் அந்த வருட உலகத் தொடரில் டெட்ராய்ட் அணியை 4-க்கு 1 என்று வென்றது. அதற்கு அடுத்த உலகத் தொடர் வெற்றிக்கு அவர்கள் 2016 வரை, 108 வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. மெர்க்கிளின் சாபம் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்குச் சாபத்திலெல்லாம் நம்பிக்கை இல்லை, ஆனால் நியூயார்க்காரர்கள் மனதுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

புல்லியம் நிலைமை வேறு. இந்தத் தீர்ப்புக்காக அவர்மேல் விழுந்த வசை கொஞ்சநஞ்சமல்ல. மனம் தளர்ந்து 1909-இன் தொடக்கத்தில் விடுப்பில் போனார். அந்த ஜூலையில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். இந்த ஒரு ஆட்டத்தால்தான் என்று சொல்வது நியாயமாகாது. அவருக்கு அதற்கு முன்பே அணி முதலாளிகளோடு பல சிக்கல்கள் இருந்தன.

மெர்க்கிளுக்கு வருவோம். அந்தப் பழிக்குப் பிறகு அந்தப் பையன் காணாமல் போயிருப்பான் என்றுதான் நாம் நினைப்போம். போகவில்லை. காரணம் மெக்ரா. சம்பவத்தன்று எச்சரிக்க மறந்த அதே மெக்ரா, மெர்க்கிளை ஒரு நாளும் குறைசொல்லவில்லை. சம்பளத்தைக் கூட்டினார். அணியின் புத்திசாலிகளில் ஒருவன் இவன் என்று ஊரறியச் சொன்னார். ஆட்ட உத்திகளில் மெர்க்கிளிடம் யோசனையும் கேட்டார். மெக்ரா முரட்டு ஆள், எதிரிகளுக்கு வில்லன். ஆனால் இந்த ஒன்றுக்காக அவர்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

மெர்க்கிள் அதற்குப் பிறகும் பல வருடம் பெரிய லீகில் ஆடினார். 1,500-க்கு மேற்பட்ட முறை வெற்றிகரமாக அடித்துப் பேஸ் சேர்ந்தார். ஜயன்ட்ஸோடு 1911, 1912, 1913-இலும், புரூக்ளின் அணியோடு 1916-இலும், பின்பு அதே கப்ஸ் அணியோடு 1918-இலும் உலகத் தொடரில் ஆடினார். ஐந்திலும் அவர் அணி தோற்றது. 1912-இல் பாஸ்டனில் நடந்த கடைசி ஆட்டத்தில், பத்தாவது இன்னிங்ஸின் முன்பாதியில் அவர் அடித்த அடியில்தான் ஜயன்ட்ஸ் முன்னிலைக்கு வந்தது. பின்பாதியில் ட்ரிஸ் ஸ்பீக்கர் தூக்கியடித்த ஒரு பந்து மெர்க்கிளுக்கும் விக்கெட் கீப்பர் மாதிரி பின்னால் நிற்கும் கேட்சர் மேயர்ஸுக்கும் நடுவில் விழுந்தது. ஸ்பீக்கர் பிழைத்தார், பாஸ்டன் ஜெயித்தது. பத்திரிகைக்காரர்களுக்கு மறுபடி கொண்டாட்டம். முன்பாதியில் அவர் அடித்ததை அன்றும் யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

வெற்றி அடியை அடித்த பிரிட்வெல், வயதான காலத்தில், நான் அன்று அடிக்காமல் மூன்று வீச்சில் அவுட் ஆகியிருந்தால் நன்றாயிருந்திருக்கும், மெர்க்கிளுக்கு இவ்வளவு துன்பம் வந்திருக்காது என்றார். தன் வாழ்வின் பெரிய வெற்றி அடியை ஒருவர் வேண்டாம் என்று சொல்வது சாமானிய வார்த்தையில்லை.

மெர்க்கிள் ஃப்ளோரிடாவில் டேடோனா பீச் என்ற ஊரில் போய்க் குடியேறினார். 1929-இல் அந்த ஊர் அணியை நடத்திக்கொண்டிருந்தபோது, ஒரு இளம் வீரர் அந்தப் பழைய பட்டப்பெயரைச் சொல்லிவிட்டார். மெர்க்கிள் சீருடையைக் கழற்றிவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அப்புறம் பேஸ்பால் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. பத்திரிகைக்காரர்களைப் பார்ப்பதைத் தவிர்த்தார். நியூயார்க்கில் பழைய வீரர்களைக் கௌரவிக்கும் விழா 1950-இல் நடந்தது. வரமாட்டேன் என்றவரை எப்படியோ வற்புறுத்தி வரவழைத்தார்கள். போலோ கிரவுண்ட்ஸில் அவர் பெயரைச் சொன்னதும் ஏளனம் வரும் என்றுதான் அவர் எதிர்பார்த்திருப்பார். கைதட்டல்தான் வந்தது, நீண்ட கைதட்டல். 42 வருடம் கழித்து. ஆறு வருடத்துக்குப் பிறகு, 1956 மார்ச்சில், டேடோனா பீச்சில் காலமானார்.

அன்று களத்தில் இருந்தவர்களில் மெக்ரா, மாத்யூசன், மெக்கின்னிட்டி, எவர்ஸ், டிங்கர், சான்ஸ் எல்லாருக்கும் கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் பெருமைக் கூடத்தில் இடம் உண்டு. 2013-இல் நடுவர் ஹாங்க் ஓடேயையும் சேர்த்தார்கள். மெர்க்கிளுக்கு அங்கே இடம் இல்லை. ஆனால் அவர் பிறந்த ஊரான விஸ்கான்சினின் வாட்டர்டவுனில், பிள்ளைகள் பேஸ்பால் ஆடும் மைதானத்துக்கு ஃப்ரெட் மெர்க்கிள் மைதானம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

வணக்கம்.